49 கிலோமீட்டர், 49 அங்குலம்: ஒரு கடைசி ரயிலை எழுதி வைக்கும் முறை

நான் தையல்காரன். செங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாக மிஷின் மிதிக்கிறேன். எழுத்து என்று நான் எழுதியதெல்லாம் அளவு நோட்டில்தான். தோள் பதினெட்டு, கை இருபத்து நான்கு, அவ்வளவே. அப்படிப்பட்டவன் ஒரு ரயில் பயணத்தை முழுசாகத் தாளில் இறக்கி வைத்திருக்கிறேன் என்றால் உங்களாலும் முடியும். எப்படிச் செய்தேன், எங்கே பிசகினேன் என்று சொல்கிறேன்.

செங்கோட்டைக்கும் கேரளத்துப் புனலூருக்கும் நடுவே மலைமேல் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பரில் நின்றது. பாதையை அகலமாக்கப் போவதாகச் சொல்லி நிறுத்தினார்கள். 1904 முதல் ஓடிய வண்டி. கடைசி நாள் வண்டியில் நானும் போனேன். இரண்டு மாநிலத்துக் கூட்டமும் அதில்தான் இருந்தது. எஞ்சினுக்கு மாலை, வாசல் கம்பியில் தொங்கும் பையன்கள், நிற்கும் இடமெல்லாம் கைத்தொலைபேசியில் படம். அதன்பிறகு எட்டு வருடம் மலையில் ரயில் இல்லை. 2018-இல்தான் அகல ரயில் முழுத் தூரமும் ஓடத் தொடங்கியது.

இத்தனை வருடமும் அந்தப் பயணத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், “ஆரியங்காவுக்கும் கழுதுருட்டிக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன் உண்டே, அதன் பேர் என்ன?” என்றார். வாயில் வரவில்லை. இடப்பாளையம். நூறு தடவைக்கு மேல் கடந்த ஊர். அன்று ராத்திரிதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் பேனாவை எடுக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, அந்தப் பயணத்திலிருந்து கையில் மிஞ்சியவை எவை என்று பாருங்கள். எனக்கு மிஞ்சியது ஒரு டிக்கெட்டும், அதோடு வைத்திருந்த ஒரு ஜல்லிக் கல்லும். அது பழைய தடித்த அட்டை டிக்கெட், நடுவில் டிக்கெட் பரிசோதகர் போட்ட ஓட்டை உண்டு என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். எடுத்துப் பார்த்தால் கணினியில் அச்சிட்ட மெல்லிய தாள், எழுத்து பாதி மங்கிவிட்டது. அட்டை டிக்கெட் என் சின்ன வயசுப் பயணங்களுடையது. அது எப்போது வந்து இதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று தெரியவில்லை. டிக்கெட் இருந்தால் அதில் தெரிகிற எழுத்தையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் பெயர்த்து எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதுவும் இருக்காது. டிக்கெட் இல்லாதவர்கள் தேதியை நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளில் தேடலாம். ஒரு பாதை மூடப்பட்டால் மறுநாள் செய்தி வராமல் இருக்காது.

அடுத்தது தாள். இங்கேதான் என் தொழில் கை கொடுத்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 49 கிலோமீட்டர். என் இன்ச் டேப் 60 அங்குலம். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளைக் கட்டிங் மேசையில் நீளமாக விரித்து, கிலோமீட்டருக்கு ஓர் அங்குலம் என்று கோடு போட்டேன். ஏழாவது அங்குலத்தில் பகவதிபுரம். நாற்பத்தொன்றில் இடமண். கடைசி எட்டு அங்குலம் புனலூர் வரை சமவெளி போலத்தான். நடுவில் கிடக்கும் முப்பத்து நாலு அங்குலம்தான் மலை. அதற்குள் நியூ ஆரியங்காவு, ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல் என்று ஸ்டேஷன்களைக் குறித்தேன். உங்கள் பாதை நீளமானதாக இருந்தால் கிலோமீட்டருக்கு அரை அங்குலம் போடுங்கள். எப்படிப் போட்டாலும் கோடு ஊர் வரிசையில் ஓட வேண்டும், நேர வரிசையில் வேண்டாம். காலை, மதியம் என்று எழுதப் போனால் மனசு கதை கட்ட ஆரம்பித்துவிடும். “இந்த இடத்தில் என்ன பார்த்தேன்” என்று கேட்டால் ஒன்று பதில் வரும், அல்லது வராது.

பெரிய விஷயத்திலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும். எங்கள் பாதையில் பெரியது கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள், பதிமூன்று வளைவு, கீழே ஓடை, ஒட்டினாற்போல் தார்ச்சாலை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போயிற்று. எழுதியதைப் படித்தால் பெட்டிக்கடையில் விற்கும் தபால் அட்டை மாதிரி இருந்தது. ஏனென்றால் பாலத்தைப் பார்ப்பது சாலையில் நிற்கிறவன்தான். ரயிலில் இருப்பவனுக்குக் கீழே பள்ளம் தெரியும், அவ்வளவே. நான் எழுதியது பஸ்ஸிலிருந்து பார்த்த பாலம். அடித்துவிட்டேன். அந்த அங்குலத்தில் இப்போது ஒரே வரிதான் இருக்கிறது: “சத்தம் மாறியது. எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.” ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எடுத்தார்.

கண்ணைவிடக் காதை நம்புங்கள் என்பேன். மீட்டர் கேஜில் தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் தாண்டும்போது வரும் தாளம் ஒவ்வோர் ஊருக்கும் வேறு. செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் வரை சாதாரண சட்டை தைக்கிற மிதி. அதற்குமேல் ஏற்றம். முன்னால் ஒரு டீசல் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று முட்டித் தள்ளும். கோட்டுக் காலருக்கு நாலு மடிப்புத் துணியைக் கொடுத்தால் மிஷின் எப்படித் திணறித் திணறிப் போகுமோ, அந்த வேகம். தாளில் கோட்டுக்கு மேலே புள்ளி வைத்தேன், வேகமான இடத்தில் நெருக்கமாக, ஏற்றத்தில் இடைவெளி விட்டு. தையல் போலவே இருந்தது. இசை தெரிந்தவர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

பகவதிபுரம் தாண்டினால் குகை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். என் தாளில் ஓர் அங்குலம்தான், ஆனால் அதிகம் எழுதியது அங்கேதான். குகையின் இந்தப் பக்கம் வரை வெயிலும் காற்றும் எங்கள் ஊர். அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஈரம், பச்சை, சுவரெல்லாம் பாசி. உள்ளே போகுமுன் பெரியவர்கள் சன்னல் கதவை இறக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். கடைசி நாளில் பெரியவர்களும் கத்தினார்கள். டீசல் புகை பெட்டிக்குள் நிறைந்தது. எதிரே அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் என் பக்கம் காட்டிச் சிரித்தாள். மடியில் மஞ்சள் பை. இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அம்மா 2013-இல் போய்விட்டாள். கொஞ்ச நேரம் காஜா எடுத்துவிட்டுப் பிறகு வந்து உட்கார்ந்தேன். அப்படி நிற்கிற இடத்தில் நின்றுவிடுங்கள், தப்பில்லை.

வெறுமையான இடங்களை நிரப்பாதீர்கள். எனக்குத் தென்மலை தாண்டியதும் இடமண் வரை ஒன்றுமே இல்லை. ஒற்றக்கல்லில் வண்டி நின்றதா என்றுகூடத் தெரியாது. அங்கே அருவி விழுந்தது, குரங்கு வந்தது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. பழுப்புத் தாளாகவே விட்டிருக்கிறேன்.

கேள்விப்பட்டதைப் பார்த்ததோடு கலக்காமல் கோட்டுக்குக் கீழே பென்சிலில் எழுதுங்கள். பாலத்துக்குச் சுண்ணாம்போடு வெல்லம் கலந்து கட்டினார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் எஞ்சினைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொல்லம் சேர்த்தார்கள் என்பதும் அப்படியே. எங்கள் ஊர் வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். இந்த ரயிலில்தான் போய் வந்திருப்பார் என்று அப்பா சொல்வார். “போய் வந்திருப்பார்”, அதனால் கீழே. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் என்பது சரித்திரம். அதையும் கீழே எழுதினேன், ஆனால் மையில். அது தெரியாவிட்டால் என் அக்காவை ஏன் புனலூரில் கட்டிக் கொடுத்தார்கள் என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. மலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு அசலூரே இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு மற்றவர்களைக் கேளுங்கள். முன்னாலேயே கேட்டால் அவர்கள் நினைவு உங்களுடையதாகிவிடும். கேட்கிற விதமும் உண்டு. “அன்றைக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒரு காலம்” என்று பதில் வரும், அதை வைத்து ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியாது. “கையில் என்ன வைத்திருந்தீர்கள்? எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்? எதில் திரும்பினீர்கள்?” என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற கேங்மேன் ஒருவரிடம் கையைப் பற்றிக் கேட்டேன். மழைக்காலத்தில் குகைப் பக்கம் ராத்திரி தண்டவாளத்தைச் சோதிக்கப் போகும்போது அரிக்கேன் விளக்கின் சூட்டில் கையை வைத்துக்கொண்டே நடப்பாராம். ஒரு மணி நேரம் பேசினார். டீ கூடக் குடிக்கவில்லை.

பாதை திரும்பத் திறந்திருந்தால் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். மலையைப் பகலில் கடக்கும் வண்டியாகப் பாருங்கள். ராத்திரி வண்டியில் போய்க் கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. ஆனி, ஆடியில் சாரல் இருக்கும்போது போனால் நல்லது. தாளைச் சுருட்டிக் கையில் கொண்டு போங்கள். நான் போனேன். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டர் ஆகிவிட்டது, பெட்டி பெரிசு, குலுக்கல் குறைவு, மேலே மின்கம்பி. மலையில் வண்டி இன்றைக்கும் நிதானமாகத்தான் போகிறது. குகை வந்தபோது பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். யார் சொல்லிக் கொடுத்ததோ! திரும்பும்போது கழுதுருட்டி வரை பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கினேன். கால்களுக்குக் கான்கிரீட் சட்டை போட்டிருக்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறது, அழகு கொஞ்சம் குறைவு.

அதே நாளில்தான் அக்காவிடம் தாளைக் காட்டினேன். முற்றத்தில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் அங்குலமாகப் படித்தாள். குகைக்கு வந்ததும் விரலை வைத்தாள்.

“தம்பி, அம்மா அன்றைக்கு உன்னோடு வரவில்லை.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. முந்தானை, மஞ்சள் பை, எல்லாம் கண்முன் நிற்கிறது, எப்படி இல்லை என்பாள்?

“அந்த வாரம் முழுக்க அம்மா என் வீட்டில்தான் இருந்தாள். நானும் அவளும்தான் உன்னை அழைக்க ஸ்டேஷனுக்கு வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டால் நான் ஊருக்கு எப்படிப் போவேன் என்று பிளாட்பாரத்தில் நின்று சண்டை போட்டாளே. மறுநாள் நீதானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாய்?”

பஸ்ஸை நானே எழுதியிருந்தேன். தாளின் கடைசி ஓரத்தில், “மறுநாள் பஸ், அம்மாவுக்கு வளைவில் வாந்தி” என்று. திரும்பும்போது கூட இருந்தவள் போகும்போதும் இருந்தாள் என்று மனசு தைத்துவிட்டது. முந்தானை வேறு ஏதோ பயணம். எது என்று அக்காவுக்கும் தெரியவில்லை.

திருத்தம் வந்தால் பழையதை ரப்பர் போட்டு அழிக்காதீர்கள். அம்மாவைச் சுற்றி, துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் “2010 அல்ல” என்று எழுதினேன். பிளாட்பாரச் சண்டையை நாற்பத்தொன்பதாவது அங்குலத்தில், அக்கா கையெழுத்திலேயே எழுத வைத்தேன். சாக்கட்டிக் கோடு உதிர்ந்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் பேனா ஓட்டினேன்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மடிக்க வேண்டாம், மடிப்பில்தான் முதலில் கிழியும். சுருட்டி, துணி வரும் அட்டைக் குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் பழைய துணி அடைத்து, காய்ந்த வேப்பிலை நாலு போடுங்கள். டிக்கெட்டைத் தாளில் பசை போட்டு ஒட்டாதீர்கள், நூலால் நாலு மூலையிலும் ஒரு தையல் போதும். இன்னொரு படி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். என்னுடையதன் நகல் புனலூரில் இருக்கிறது. போன மாதம் அக்கா தொலைபேசியில் அழைத்து, ஒற்றக்கல்லில் வண்டி நின்றதாக அவள் வீட்டுக்காரர் சொல்கிறார் என்றாள். அவர் அந்த வண்டியில் வந்தாரா என்று கேட்டேன். இல்லையாம். கோட்டுக்குக் கீழே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.