கான்ட்ராக்ட்ல ஐடி வேல பாக்குறவங்க எப்ப ஓய்வு எடுக்குறது?

தோட்டத்துல வேல செஞ்ச நம்ம அப்பாவுக்கு 55, அம்மாவுக்கு 50 ஆனா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காச எடுக்கலாம்னு ஒரு கணக்கு இருந்துச்சு, இலங்கைல ஹட்டன் மாதிரி ஊர்ல வீட்ல இருந்தே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு கோட் எழுதுறவங்களுக்கு அது கெடையாது, கம்பெனி போடுற 12 வீதமும் இல்ல, சம்பளத்துல புடிக்கிற 8 வீதமும் இல்ல. 2021ல சட்டம் போட்ட 60ங்கிற ஓய்வு வயசும் கம்பெனி ஆளுங்களுக்குத்தான்.

அதனால இன்வாய்ஸ் காசு பேங்க்ல விழுந்த அன்னைக்கே அந்த 20 வீதத்த நீங்களே வேற எக்கவுண்டுக்கு மாத்திருங்க, மாசக் கடைசில பாப்போம்னு விட்டா ஒன்னும் மிஞ்சாது. பெறகு ஒரு வருசச் செலவ எழுதுங்க, கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா வரி எல்லாம் சேத்து (இதத்தான் மறந்துருவோம்). வருசச் செலவுல 25 மடங்கு சேத்தா போதும்னு அமெரிக்காக்காரங்க சொல்ற கணக்க அப்படியே நம்பாதீங்க, 2022ல இங்க வெலவாசி ஏறுனத பாத்தோம்தானே.

60க்கு மேலயும் தாராளமா வேல செய்யலாம், ரேட்ட கொறைக்காம நேரத்த கொறைங்க, நடுராத்திரி மீட்டிங்க மொதல்ல வெட்டுங்க, பழைய சிஸ்டம் பாக்குற மெயின்டனன்ஸ் வேல புடிங்க. நிப்பாட்டுறதுக்கு முன்னாடி மூனு மாசம் ஓய்வுக்கப்புறம் கைல வரப்போற காசுல மட்டும் வீட்ட ஓட்டிப் பாருங்க, இழுத்துச்சுன்னா இன்னொரு கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுங்க.