போர்வெல் சப்மர்சிபிள் மோட்டாரை கழட்டி பாக்கறது எப்படி?

மோட்டாரை போர்ல இருந்து வெளிய எடுத்து போட்டாச்சு, அப்படியே பட்டறைக்கு தூக்கிட்டு போறதா இல்ல வீட்லயே கழட்டி பாக்கறதான்னு யோசிக்கறவங்களுக்குத்தான் இந்த பதிவு. நான் சொல்றது தோட்டத்துல ஓடற ஆறு இன்ச் போருக்கான 3 பேஸ், தண்ணி நிரப்பற மோட்டார். இதுல மேல பம்பு, கீழ மோட்டார், நடுவுல தண்ணி உறிஞ்சற வலை. பம்பு பக்கத்தை பொறுமை இருக்கற யாரும் கழட்டலாம், காயில் பக்கம் மட்டும் புதுசா பழகறவங்க கை வைக்க வேண்டாம்.

பட்டறையில புது இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ற சக்கரம்) போட்டு குடுத்துடுவாங்க, ஆனா பழசு ஏன் தேஞ்சுதுன்னு பாக்காம விட்டா சீக்கிரமே மறுபடி முக்காலி போட்டு பைப்பை எல்லாம் தூக்க வேண்டி வரும். அதனால கழட்டறப்ப ஒவ்வொரு பார்ட்டையும் நின்னு பாருங்க, போருக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுங்களே சொல்லிடும்.

கரண்டை நிறுத்திட்டு முதல்ல மெகர்

மெயினை ஆஃப் பண்ணி ப்யூஸ் கேரியரை புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கங்க, வேற யாராவது தெரியாம போட்டுட கூடாது. ரெண்டு பேஸ்ல ஓட்ட பேனல்ல கெப்பாசிட்டர் வெச்சிருப்பீங்க, மெயின் ஆஃப் ஆனாலும் அதுல கரண்ட் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணாம தொடாதீங்க.

ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெகர் (கரண்ட் பாடிக்கு கசியுதான்னு காட்டற மீட்டர்) வெச்சு கேபிளுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல பாருங்க. ஒரு மெகா ஓமுக்கு கீழ காட்டுச்சுன்னா உடனே காயில் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, கேபிள் ஜாயிண்ட்டை வெட்டிட்டு மோட்டார் வயர்ல மட்டும் மறுபடி பாருங்க, இப்ப நல்லா காட்டுச்சுன்னா தப்பு ஜாயிண்ட்லயோ கேபிள்லயோதான். டேப் சரியா சுத்தாத ஜாயிண்ட்டுக்காக நல்ல காயிலை அவுத்துட கூடாது.

பம்பையும் மோட்டாரையும் பிரிக்கறது

பம்பு, வலை, மோட்டார் மூணு மேலயும் நேரா ஒரு கோடு மார்க்கர்ல போட்டுருங்க, நாலு பக்கமும் போட்டோவும் எடுத்துக்கங்க. முதல்ல கேபிள் மேல இருக்கற தகடு கார்டு, அப்புறம் வலை, அப்புறம் பம்பையும் மோட்டாரையும் சேக்கற நட்டு எல்லாம்னு வரிசையா கழட்டுங்க. நட்டு துரு புடிச்சிருந்தா டீசல் ஊத்தி ராத்திரி விட்டுட்டு காலைல திருப்புங்க, அவசரப்பட்டா ஸ்டட் முறிஞ்சு லேத்துக்கு போகணும். பம்பை சாய்க்காம நேரா தூக்குங்க. நடுவுல பம்பு சாஃப்ட்டையும் மோட்டார் சாஃப்ட்டையும் சேக்கற கப்ளிங் வரும், அதோட உள்பல்லை விரலால தடவி பாருங்க, பல்லு மழுங்கிருந்தா மோட்டார் சுத்தும் தண்ணி வராது, பல பேர் போர்ல தண்ணி இல்லன்னு நெனச்சு ஏமாறது இதுலதான்.

பம்பை கழட்டறது

பம்பை நிறுத்தி வெச்சு, மேல இருக்கற என்ஆர்வி வால்வை (ஏறின தண்ணி திரும்ப கீழ இறங்காம தடுக்கறது) கழட்டுங்க, வால்வு தட்டு நல்லா உக்காருதா பாருங்க. அடுத்து பக்கவாட்டுல பவுலை (இம்பெல்லர் உக்கார்ற கிண்ணம்) எல்லாம் புடிச்சிருக்கற பட்டியோட நட்டு. அது விட்டா பவுல், இம்பெல்லர், பவுல், இம்பெல்லர்னு ஒண்ணு ஒண்ணா வரும். ஒரு சாக்கை விரிச்சு வந்த வரிசைலயே வெச்சு ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதுங்க. நடுவுல வர சின்ன ஸ்லீவ், வாஷர், கீ எதையும் தனியா டப்பால போட்டு கலக்காதீங்க, அது அது அந்தந்த இம்பெல்லர் பக்கத்துலயே இருக்கட்டும். இறுகிப்போன இம்பெல்லரை இரும்பு சுத்தியால அடிக்க வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக் இம்பெல்லர் உடனே விரிஞ்சிடும். உப்பு புடிச்சிருந்தா லெமன் சால்ட் கரைச்ச வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சா தானா விடும்.

இப்ப பாருங்க. இம்பெல்லரோட வாய் வளையம் ஒரே சீரா தேஞ்சு, சாஃப்ட்டை தாங்கற புஷ்ஷுல கோடு கோடா விழுந்திருந்தா காரணம் மணல். அப்படின்னா மோட்டார் போரோட அடிக்கு ரொம்ப பக்கத்துல நிக்குதுன்னு அர்த்தம், இல்ல கேசிங் பைப் எங்கயோ ஓட்டை. புது பார்ட் போட்டு அதே ஆழத்துல இறக்கினா மறுபடி இதே கதைதான், கொஞ்சம் மேல தூக்கி நிறுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா சாஃப்ட் வளைஞ்சிருக்கும், சமமான கண்ணாடி மேல உருட்டி பாருங்க. தேய்மானம் இல்லாம பொறி பொறியா குழி விழுந்திருந்தா பம்புக்கு மேல தண்ணி பத்தாம ஓடிருக்கு, பிளாஸ்டிக் உருகிருந்தா சுத்தமா தண்ணியே இல்லாம ஓடிருக்கு, தண்ணி இல்லன்னா மோட்டாரை தானா நிறுத்தற டிரை ரன் ரிலே போடாம திரும்ப இறக்காதீங்க.

மோட்டார் பக்கம்

சாஃப்ட்டை கையால சுத்துங்க, உரசல் இல்லாம சுத்தணும். பக்கவாட்டுல ஆட்டி பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா புஷ் போச்சு. அப்புறம் பிளக்கை கழட்டி உள்ள இருக்கற தண்ணிய ஒரு வெள்ளை பக்கெட்ல வடிங்க. லேசா செம்மண் கலர்னா துரு, பயப்பட வேண்டாம். கருப்பா மை மாதிரி வந்தா அடியில பாரத்தை தாங்கற கார்பன் த்ரஸ்ட் பேரிங் அரைபடுது. கருகின வாடை வந்தா காயில். இந்த கடைசி ரெண்டும் பழகின ஆள் பாக்க வேண்டிய வேலை, அங்கயே நிறுத்திட்டு பட்டறைக்கு அனுப்பிருங்க.

திரும்ப மாட்டறது

கழட்டினதுக்கு தலைகீழ் வரிசை. ஒவ்வொரு பவுல் வெச்சதும் சாஃப்ட்டை ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு அடுத்தது வைங்க, இறுகுச்சுன்னா கடைசியா வெச்சதுலதான் தப்பு. பட்டி நட்டை ஒரே பக்கமா முறுக்காம எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க.

மோட்டாருக்குள்ள நல்ல குடிதண்ணி ஊத்தி, லேசா ஆட்டி, குமிழி வந்து அடங்கற வரைக்கும் விட்டு மறுபடி ஊத்துங்க, உள்ள காத்து நின்னா புஷ் எரிஞ்சிடும். தண்ணில மூழ்காம ஒரு செகண்ட் கூட ஓட்டி பாக்காதீங்க. போர்ல இறக்கி, மேல டெலிவரி பைப்ல இருக்கற வால்வை லேசா தொறந்து மோட்டாரை போடுங்க, தண்ணி கம்மியா வந்தா உள்ள உல்டாவா சுத்துதுன்னு சந்தேகப்படணும், மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏதாவது ரெண்டு பேஸ் வயரை மாத்தி பாருங்க, எதுல தண்ணி நல்லா வருதோ அதுதான் சரி. கலங்கல் தெளிஞ்சதும் ஆம்ப்ஸ் மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு பாத்து தேதியோட பேனல் கதவுக்கு உள்பக்கம் எழுதி வெச்சிருங்க, பின்னால அந்த நம்பர் ஏற ஆரம்பிச்சா உள்ள எங்கயோ இறுகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்.