‘மடியம்’: சொல்லைப் பிரி, பிறகு எண்ணு

விடைத்தாள் திருத்தும்போது வருடம் தவறாமல் ஒரு பிழை கண்ணில் படும். டவுன் சிண்ட்ரோமுக்கு எதிரே ‘மும்மடியம்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு செல்லில் குரோமோசோம்களின், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளின், தொகுதி எத்தனை மடங்கு இருக்கிறது என்பதே மடியம் (பிளாய்டி). சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தப் பிழை வராது.

கிரேக்கத்தில் ‘ஹாப்ளோஸ்’ என்றால் ஒற்றை, ‘டிப்ளோஸ்’ என்றால் இரட்டை. இரண்டுக்கும் வாலாக வரும் ‘ப்ளோஸ்’ மடிப்பைக் குறிப்பது. தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1905-இல் இவற்றோடு, ‘வடிவம்’ என்ற பொருளுள்ள கிரேக்க விகுதியைச் சேர்த்து ஹாப்ளாய்டு, டிப்ளாய்டு என்று பெயர் வைத்தார். ‘பிளாய்டி’ என்ற தனிச்சொல் பிற்பாடு அவற்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. நம் ‘மடியம்’ அதே மடிப்பைத்தான் சொல்கிறது. இருமடங்கு, மும்மடங்கு என்கிறோமே, அந்த மடி. கலைச்சொல் இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

எண்ணுவதற்கு நான் கலர் பென்சில் டப்பாக்களை மேசையில் அடுக்குவேன். டப்பாவுக்கு 7 பென்சில், ஏழும் ஏழு நிறம். ஒரு பென்சில் என்பது ஒரு குரோமோசோம், ஒரு டப்பா என்பது ஓர் அடிப்படைத் தொகுதி. அதன் குறி ‘எக்ஸ்’. ரொட்டிக் கோதுமையின் உடல் செல்லில் அப்படி 6 டப்பாக்கள், 42 குரோமோசோம்கள். ஆகவே அது அறுமடியம். இனப்பெருக்க செல்லான பாலணுவுக்குப் பாதிதான் போகும்: 3 டப்பா, 21 குரோமோசோம். இந்தப் பாதிக்குக் குறி ‘என்’. மனிதரில் ‘என்’, ‘எக்ஸ்’ இரண்டுமே 23 என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கோதுமையை ஒருமுறை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இருக்காது.

இப்போது விடைத்தாளுக்கு வருவோம். மனித உடல் செல்லில் டப்பாவுக்கு 23 வீதம் 2 டப்பா, மொத்தம் 46. டவுன் சிண்ட்ரோமில் பெரும்பாலும் இருப்பது 47. அதாவது 21-ஆம் நிறத்தில் ஒரு பென்சில் மட்டும் கூடுதல். அதற்குப் பெயர் டிரைசோமி. மும்மடியம் என்றால் முழு டப்பாவே கூடி 69 ஆகியிருக்க வேண்டும். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் கேளுங்கள்: கூடியது பென்சிலா, டப்பாவா?

பழகிப் பார்க்க வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். பயிரிடும் ரகங்கள் பலவற்றில் 33 குரோமோசோம்கள். அடிப்படைத் தொகுதி 11. வகுத்தால் 3 டப்பா. மூன்றைச் சரிபாதியாகப் பிரித்துப் பாலணுவுக்கு அனுப்ப வழியில்லை. அந்தப் பழங்களில் விதை பிடிக்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.