பிளக்கோடு பிடுங்கி வந்த ஸ்க்ரூ

டிவி கேபிள்களை மறைக்க அடித்த கேசிங் பட்டி நாலு நாளில் மூன்று முறை பிளக்கோடு (ஸ்க்ரூ பிடிக்க சுவர் ஓட்டையில் சொருகும் பிளாஸ்டிக் குழல்) பிடுங்கிக்கொண்டு வந்தது. தீக்குச்சி சொருகினேன், எம்-சீல் அடைத்தேன், 8 மி.மீ. பிளக்கும் போட்டேன், ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

டிரில் போடும்போது விழுந்த தூளைப் பார்த்ததும்தான் விளங்கியது. முதல் 20 மி.மீ. வரை சாம்பல் நிறம், வெறும் பூச்சு. அப்புறம்தான் செங்கல் சிவப்பு. என் 25 மி.மீ. நீள பிளக் பெரும்பாலும் பூச்சிலேயே தொங்கியிருக்கிறது!

பழைய ஓட்டையை நனைத்து ஒயிட் சிமெண்ட் அடைத்தேன். 5 செ.மீ. தள்ளி (சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே வேண்டாம், உள்ளே ஒயர் பைப் போகும்) 6 மி.மீ. பிட்டில் 55 மி.மீ. ஆழம், ஆழம் தெரிய பிட்டில் அடையாளமாக இன்சுலேஷன் டேப். பூச்சைத் தாண்டும்முன் டிரில்லில் ஹேமர் மோடு போட்டால் ஓட்டையின் ஓரம் உதிரும். தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் பாதியில் நிற்கும். 50 மி.மீ. பிளக், அதே நீள ஸ்க்ரூ. இப்போது இழுத்தாலும் அசையவில்லை.