மொசைக்கில் மேய்ப்பனைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோளில் ஆட்டைச் சுமந்து நிற்கும் இளைஞனைப் பழைய ரோமானியக் கலையில் கண்டதும் "இயேசு" என்று முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. இந்த உருவம் கிறிஸ்தவத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. கிரேக்கர்கள் ஹெர்மஸ் தெய்வத்தை இப்படிச் செதுக்கினார்கள். ரோமானியர்களின் கல் சவப்பெட்டிகளிலும் இடையர்கள் வருவார்கள். கிறிஸ்தவர்கள் அதே உருவத்தை எடுத்து, பைபிளில் லூக்கா 15-ல் வரும் காணாமல்போன ஆட்டையும் யோவான் 10-ல் வரும் நல்ல மேய்ப்பனையும் அதில் கண்டார்கள். ஆகவே அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும். வட இத்தாலியின் அக்குவிலேயாவில், 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் (பிஷப்) தியடோர் கட்டிய ஆலயத்தின் தரை மொசைக்கில், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த படத்தில், ஒரு மேய்ப்பன் இருக்கிறான். தோளில் ஆடு, கையில் குழல். அதே தரையில் பைபிளில் வரும் யோனாவின் கதையும் இருப்பதால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்தது, மேய்ப்பன் என்றாலே எளிமை என்று நினைத்து, உடையைக் கவனிக்காமல் போவது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இத்தாலியின் ரவென்னா நகரில், ரோமானியப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் கல்லறை மண்டபத்தின் மேய்ப்பனை இப்படித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 5-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வேலை அது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வாசலுக்கு மேலே, அரைவட்டச் சுவரில் தெரியும். பாறைகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவரின் அங்கி பொன்னிறம், மேலே போட்டிருப்பது பேரரசர்களுக்குரிய ஊதா, தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டம். மேய்ப்பனின் கோல் இருக்க வேண்டிய இடத்தில் உயரமான பொற்சிலுவை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆடுகள், எல்லாம் அவரையே பார்க்கின்றன. முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க, வலது கை மறுபக்கம் நீண்டு ஓர் ஆட்டின் வாயருகே தொடுகிறது. உடை முழுக்க அரசனுடையது, அந்தக் கை மட்டும் மேய்ப்பனுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் படம் புரியும்.

பெயரை வைத்து அது காலா பிளாசிடியாவின் சமாதி என்று எழுதிவிடவும் வேண்டாம். அவர் 450-ல் ரோமில் இறந்தார். இங்கே அடக்கம் செய்யப்பட்டதற்கு உறுதியான சான்று இல்லை.

தாடி இல்லையே, இது இயேசுதானா என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். அந்தக் காலத்தில் இரண்டு விதமாகவும் காட்டினார்கள். ரவென்னாவின் புதிய அப்போலினாரிஸ் ஆலயத்திலேயே ஒரு சுவரில் தாடியில்லாத இயேசு, எதிர்ச்சுவரில் தாடியுள்ள இயேசு. அங்கே இறுதித் தீர்ப்பில் நல்லவர்களையும் தீயவர்களையும் பிரிப்பதைக் குறிக்கும், செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் காட்சியில், வெள்ளாடுகள் பக்கம் நிற்கும் நீல நிற தேவதூதரைச் சாத்தான் என்று அடித்துச் சொல்வதும் அவசரம்தான். செம்மறிகள் பக்கம் நிற்கும் செந்நிறத் தூதரைப் போலவே அவருக்கும் இறக்கை உண்டு, ஒளிவட்டம் உண்டு.

அப்புறம், பன்னிரண்டு ஆடு என்றால் இயேசுவின் முதன்மைச் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று எல்லா இடத்திலும் கணக்குப் போடுவது. ரவென்னாவை அடுத்த கிளாஸ்ஸேயில், 549-ல் அபிஷேகம் செய்யப்பட்ட ஆலயத்தைப் பாருங்கள். பீடத்துக்கு மேலுள்ள வளைவின் முகப்பில் இரண்டு நகரங்களிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஆடுகளை அப்போஸ்தலர் என்று கொள்வது வழக்கம். வளைவுக்கு உள்ளே பெரிய சிலுவைக்கருகில் நிற்கும் மூன்று ஆடுகள், இயேசு மலையில் ஒளிவீசும் தோற்றத்துக்கு உருமாறியபோது உடனிருந்த பேதுரு, யாக்கோபு, யோவான். அதற்கும் கீழே பசும்புல்லில் மறுபடி பன்னிரண்டு ஆடுகள். இவை ஓர் ஆயரின் மந்தை. நடுவில் கைகளை விரித்து ஜெபிப்பவரை இயேசு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ரவென்னாவின் முதல் ஆயராகக் கருதப்படும் அப்போலினாரிஸ். பெயரும் அங்கேயே எழுதியிருக்கிறது. இயேசுவின் முகம் மேலே, பெரிய சிலுவையின் நடுவில் சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் எளிதில் கண்ணில் படாது.