பத்து ரூபிள் நோட்டை வைத்து கிராஸ்நோயார்ஸ்க் சுற்றுவது எப்படி?

விசா, டிக்கெட் கதையை விட்டுவிடுகிறேன். சைபீரியாவில் யெனிசெய் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் இறங்கியபின் மூன்று நாளில் என்னென்ன பார்க்கலாம் என்பதுதான் இந்தப் பதிவு. பத்து ரூபிள் நோட்டே போதுமான வழிகாட்டி. முன்பக்கம் ஒரு சிற்றாலயமும் பாலமும், பின்பக்கம் ஓர் அணைக்கட்டு. மூன்றும் இந்த ஊரிலும் பக்கத்திலும் இருப்பவை.

படி 1: பணமும் மேப்பும்

நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. மடிப்பு, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய் வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். மேப்புக்கு என் ஓட்டு 2ஜிஐஎஸ் செயலிக்குத்தான். பக்கத்து நோவோசிபிர்ஸ்கில் பிறந்தது, சைபீரிய ஊர்களின் சந்துபொந்தெல்லாம் அதற்கு அத்துப்படி. ஊர் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

படி 2: நோட்டின் முன்பக்கம்

காலை பதினொன்றரைக்குள் கராவுல்நயா குன்றுக்கு ஏறிவிடுங்கள். 'கராவுல்' என்றால் காவல். 1628-ல் கோசாக் போர்வீரர்கள் இங்கே கோட்டை கட்டியபின், எதிரி வருகிறானா என்று பார்க்க இந்தக் குன்றில் ஒரு காவல் கோபுரம் இருந்தது. அந்த இடத்தில் நிற்பதுதான் நோட்டில் உள்ள பரஸ்கேவா சிற்றாலயம். தினமும் பகல் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். எனக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவன் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

பாலம் 1961-ல் திறந்த கொம்முனால்னி பாலம். பஸ்ஸில் போகாமல் நடந்தே கடந்து பாருங்கள், ஆறு எவ்வளவு பெரிதென்று அப்போதுதான் உறைக்கும். குளிர்காலத்திலும் இங்கே ஆறு உறையாது. ஏன் என்று படி 4-ல்.

ஆற்றங்கரையில் 'ஸ்வியாதீதெல் நிகொலாய்' என்ற பழைய நீராவிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1891-ல் பட்டத்து இளவரசர் நிகொலாய் இதில் பயணம் செய்தார். 1897-ல் அவர் ஜாராக இருந்தபோது, நாடுகடத்தப்பட்ட லெனின் ஷூஷென்ஸ்கயெ கிராமத்துக்குப் போனதும் இதே கப்பலில்தான்! நேரமிருந்தால் எகிப்தியக் கோயில் போலவே கட்டிய வட்டார அருங்காட்சியகமும், ஓவியர் சூரிக்கொவ் பிறந்த மரவீடும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

படி 3: ஸ்டோல்பி (நான் சறுக்கிய இடம்)

இது நோட்டில் இல்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது. காட்டுக்கு நடுவே பிரம்மாண்டமான பாறைத் தூண்கள். 1925-ல் காப்பகமாகி, இப்போது தேசியப் பூங்கா. மேப்பில் ஊரை ஒட்டியே இருந்ததால் கூப்பிடு தூரம் என்று நினைத்து, மதியம் இரண்டு மணிக்குச் செருப்போடும் அரை லிட்டர் தண்ணீரோடும் 'துர்பாசா' நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கிருந்து முதல் தூணுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். குறுக்கு வழி ஒன்று உண்டு, பெயர் 'பிஹ்தூன்': மூச்சிரைக்க வைப்பவன். பெயரைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். பாதியில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கிளம்பினேன். ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், ரொட்டி. இரண்டாம் தூணில் 'ஸ்வபோதா' (சுதந்திரம்) என்று எழுதியிருப்பதைத் தேடிப் பாருங்கள். ஜார் ஆட்சியில், 1899-ல் உயிரைப் பணயம் வைத்து ஏறி எழுதியது. உள்ளூர்க்காரர்கள் கயிறு இல்லாமல் ஏறுவார்கள். அதைப் பார்த்து ரோஷப்பட வேண்டாம்.

மே, ஜூனில் போனால் உண்ணி கவனம். மூளைக்காய்ச்சல் பரப்பும் வகை அது. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் உடம்பைச் சோதியுங்கள்.

*பின்சேர்க்கை:* 'பாப்ரொவி லோக் சேர்லிஃப்டில் போகலாமே' என்று இருவர் கேட்டிருந்தார்கள். போகலாம், தக்மாக் பாறை அழகாகத் தெரியும். ஆனால் அது வேறு பக்கம், முதல் இரண்டு தூண்களுக்கு அங்கிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே மேல்.

படி 4: நோட்டின் பின்பக்கம்

அணை இருப்பது திவ்னகோர்ஸ்க் ஊருக்குப் பக்கத்தில். வழியில் ஸ்டர்ஜன் மீன் வலையைக் கிழித்துப் பாயும் சிலை உள்ள காட்சிமேடையில் இறங்குங்கள், ஆற்று வளைவு முழுசாகத் தெரியும். எழுத்தாளர் அஸ்தாஃபியெவ் பிறந்த அவ்ஸ்யான்கா கிராமமும் அருகில்தான்.

அணை 124 மீட்டர் உயரம், 6000 மெகாவாட். நீர்த்தேக்கத்தின் அடியாழத்திலிருந்து வரும் தண்ணீர் குளிர்காலத்திலும் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருப்பதால், கீழே 100 கிலோமீட்டருக்கும் மேல் ஆறு உறைவதில்லை. அதே காரணத்தால் கோடையில் காலை நனைத்தாலே விறைத்துவிடும்.

*இன்னொரு பின்சேர்க்கை:* 'நோட்டே கிடைக்கவில்லை, எல்லாரும் காசுதான் தருகிறார்கள்' என்று ஒருவர். உண்மைதான், 2009-க்குப் பிறகு பத்து ரூபிள் பெரும்பாலும் காசாகிவிட்டது. நான் நினைவுப்பொருள் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். அணைக்கு முன் நோட்டைப் பிடித்துப் படமெடுக்கும்போது இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள், அங்கே காற்று அப்படி.