கப்பல் காத்திருக்காது: க்ரூஸ் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் கப்பலில் அடிக்கடி போகிறவர்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சு சீக்கிரமே யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்ற கதைக்கு வந்துவிடும். அந்தக் கதைகளில் முக்கால்வாசி நடுக்கடலில் நடந்திருக்காது. டிக்கெட் எடுக்கும்போது, ஏற வேண்டிய நாளில், துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றும்போது, கடைசி நாள் வீடு திரும்பும்போது என்று கப்பல் கரையைத் தொடும் இடங்களில்தான் அடி விழும். கடலில் இருக்கும்வரை சமையல்காரரிலிருந்து கேப்டன்வரை உங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருக்கிறது. கரையில் உங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் இருப்பது பாதி விலை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் கட்டணம், ஒரு கேபினில் இரண்டு பேர் தங்குவதாக வைத்து ஒருவருக்குப் போட்ட கணக்கு. தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டிவரும். அந்தப் பணத்தில் அறை, பொது உணவகச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் எல்லாம் வந்துவிடும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் மது, பாட்டில் குளிர்பானம், இணையம், தனிக் கட்டண உணவகங்கள், ஸ்பா, கரைச் சுற்றுலா இவற்றில் எதுவும் வராது. டிப்ஸும் பெரும்பாலும் தனிதான். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர்வரை அதுவாகவே கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நான்கு பேர் ஏழு இரவு போனால் டிப்ஸ் மட்டுமே 450 டாலரைத் தொடும். இதைக் கடைசி நாள் பில்லில் பார்த்து அதிர்ச்சி அடைகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறார்கள்.

மது பேக்கேஜ் எடுப்பதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. விலைக்கு மேல் சேவைக் கட்டணம் வேறு. காலையிலிருந்து மாலைவரை கரையில் சுற்றும் நாட்களுக்கும் சேர்த்தே பணம் வாங்குவார்கள். மூன்று துறைமுகங்களுக்கு மேல் நிற்கும் ஒரு வாரப் பயணத்தில், நிறையக் குடிக்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு.

கேபினை வரைபடம் பார்த்து எடுங்கள்

எந்த டெக், எந்த எண் என்று பார்க்காமல் ‘பால்கனி கேபின் ஒன்று’ என்று எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் டெக் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வேறு கேபின்கள் இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடிவதற்கு முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கரகரவென்று கேட்கும். கீழே நடனக் கூடம் என்றால் நள்ளிரவு தாண்டியும் கட்டில் லேசாக அதிரும். பக்கத்துக் கேபினுக்குப் போக இடையில் கதவு உள்ள அறைகளும் அப்படித்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் உயரமான டெக்கில் முன்பக்கக் கேபின் எடுக்கவே கூடாது. அலையில் கப்பல் சீசாப் பலகைபோல முன்னும் பின்னும் ஏறி இறங்கும். அசைவு குறைவாக இருப்பது நடுவில், அதுவும் கீழ்த் தளங்களில். விலை குறைகிறதே என்று ‘கேரண்டி’ வகையில் எடுத்தால் எந்த அறை என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். கிடைத்தது ஜன்னலை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகு தொங்கும் அறையாகவும் இருக்கலாம்.

பால்கனி வேண்டுமா என்று கேட்டால், அலாஸ்காவுக்கும், நார்வேயில் செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீளும் ஃபியோர்டுகளுக்கும் கண்டிப்பாக வேண்டும் என்பேன். அங்கே கப்பல் போகும் வழியே காட்சிதான். கரீபியனில் பகலெல்லாம் கரையிலோ நீச்சல்குளத்திலோ இருக்கப்போகிறவருக்கு ஜன்னலில்லாத உள்ளறையே போதும். என்ன, அதில் விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்சியைத் தொலைக்காட்சியில் ஒரு சேனலாகக் காட்டுவார்கள். சத்தத்தைக் குறைத்து அதை இரவெல்லாம் ஓடவிட்டால் அதுவே ஜன்னல்.

கேபினைவிடப் பெரிய தவறு, ஊருக்குப் பொருந்தாத கப்பலைப் பிடிப்பது. 2024-இல் வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ போன்ற 20 மாடிக் கப்பலில் 7,600 பேர்வரை பயணிகள் ஏற முடியும். அங்கே கப்பலே ஊர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் அண்டார்க்டிகாவுக்கு 500 பேருக்கு மேல் ஏற்றிப்போகும் கப்பல் எதுவும் பயணிகளைக் கரையில் இறக்காது. சிறிய கப்பலிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேர்தான் இறங்கலாம். விலை குறைவு என்று பெரிய கப்பலில் எடுத்தவர் பெங்குவினைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஏறும் நாளன்று விமானத்தில் வராதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். காலையில் விமானம், மதியம் கப்பல் என்று ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விட்டிருக்கும். முந்தின நாளே அந்த ஊருக்கு வந்து தங்குவதுதான் இந்தப் பயணத்தில் மிக மலிவான காப்பீடு.

அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பல நேரம் முடியாது. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வெளிநாட்டில் பதிவான, கப்பல் ஒருவரை ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமென்றால் நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றிருக்க வேண்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. அதனால் சியாட்டிலில் அலாஸ்கா கப்பலைத் தவறவிட்டவர் விமானம் பிடித்து அலாஸ்காவின் ஜூனோவுக்குப் போனாலும் ஏற்றமாட்டார்கள். ஏறிய ஊரிலேயே இறக்கும் பயணத்துக்குப் பக்கத்து வெளிநாட்டுத் துறைமுகமே போதும்; சியாட்டிலிலிருந்து போய்த் திரும்பும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்பதற்குக் காரணமும் இதே சட்டம்தான். தோட்டங்கள் பார்க்க மட்டும் அங்கே நிறுத்துவதில்லை.

விசாவிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குசாடாசியில் ஒரு நாள் நின்று, மறுபடி கிரேக்கத் தீவுகளுக்கு வரும் பயணம் என்று வைத்துக்கொள்வோம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசாவில் துருக்கி சேராது. அந்த விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர் ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் சிக்கல். பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். கப்பலைவிட்டு இறங்காவிட்டாலும் விசா கேட்கும் நாடுகள் இருக்கின்றன. ஆவணம் சரியில்லை என்று வாசலில் திருப்பி அனுப்பினால் பணம் பெரும்பாலும் போனதுதான்.

பெட்டிகளைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அவை கேபினுக்கு வர மாலையாகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள்; சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை.

துறைமுக நாள்

பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லெ ஆவ்ர், போகவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெனிஸின் நடுவே பெரிய கப்பலில் போகும் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் ஊர் நடுவே போகும் ஜூடெக்கா கால்வாயில் பெரிய கப்பல்களுக்குத் தடை. இப்போது ‘வெனிஸ்’ பயணங்கள் பல ராவென்னாவிலோ ட்ரியஸ்டேயிலோ தொடங்குகின்றன. ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் துறைமுகத்தின் பெயரையும் நிற்கும் நேரத்தையும் பாருங்கள்.

சில ஊர்களில் கப்பல் கரையைத் தொடவே தொடாது. நங்கூரம் போட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகில் ஆட்களைக் கொண்டுபோவார்கள். காற்று பலமாக இருந்தால் அந்த ஊரே ரத்து. சாண்டோரினியில் படகிலிருந்து இறங்கியபின் செங்குத்தான பாறை மேல் ஏற வேண்டும்: கேபிள் கார், கழுதை, அல்லது ஏறக்குறைய 600 படிகள். எல்லாரும் திரும்பும் மாலை நேரத்தில் கேபிள் காருக்கான வரிசை தெருவுக்குள் வளைந்து நிற்கும். கடைசிப் படகுக்கு அரை மணி நேரம் முன்னால் அந்த வரிசையில் போய்ச் சேருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும் என்றால் நாலரைக்கோ நாலுக்கோ எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அதுவும் கப்பலின் கடிகாரப்படி. போன் கரையைத் தொட்டதும் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும்; கப்பல் நேரம் ஒரு மணி நேரம் முன்னே இருந்தால் கதை முடிந்தது. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

புறப்படும் நேரத்தில் மேல்டெக் கம்பி ஓரம் ஒரு கூட்டம் கையில் கோப்பையோடு நிற்கும். துறைமுகத்தின் கோடியிலிருந்து இரண்டு பேர் ஓடிவருவார்கள். ஒருவர் கையில் செருப்பு, இன்னொருவர் கையில் கடைப் பை. மேலே விசில், கைதட்டல். சில நாள் ஏறிவிடுவார்கள். சில நாள் ஏணிப்பலகையை ஏற்கெனவே இழுத்திருப்பார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் பத்தடித் தண்ணீர் இருக்கும். அவ்வளவுதான். இன்னும் ஐந்து நிமிடம் நிற்கக் கூடாதா என்றால், துறைமுகத்தில் இடம், வழிகாட்டும் பைலட், அடுத்த ஊருக்கான வேகம் எல்லாமே நேரக் கணக்கு. வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கேபினிலிருந்து எடுத்துத் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். அந்த ஏஜென்ட்டின் எண் தினசரி நிகழ்ச்சித் தாளில் இருக்கும். இறங்கும் முன் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் நிற்கும், அல்லது அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஊர் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரமென்றால் அதற்குப் பணம் கொடுப்பது வீண். ரோம், பாரிஸ் மாதிரித் தொலைவென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

கடலில் இருக்கும்போது

பாதுகாப்புப் பயிற்சியைச் சலிப்பாக நினைத்து ஒப்புக்குச் செய்கிறவர்கள் நிறைய. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜில்லியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்பு அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும். இப்போது பல கப்பல்களில் போனில் ஒரு வீடியோ, பிறகு ஆபத்தில் எல்லாரும் கூட வேண்டிய கூடுமிடத்தில் ஒரு வருகைப் பதிவு என்று சுருக்கிவிட்டார்கள். வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தாலும், கேபினிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு வழியாக நடந்து பார்த்துவிடுங்கள். அவசரத்தில் லிஃப்ட்டை நம்ப முடியாது.

சாப்பாட்டுக்கூட வாசலில் சானிடைசர் தடவிக்கொண்டு உள்ளே போவது மட்டும் போதாது. கப்பலில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலைசுற்றல் மாத்திரையை அலை அடிக்கத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் பலன் குறைவு.

போனை ஏர்பிளேன் மோடில் போடாமல் விட்டால், கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கோடு அதுவாக இணைந்துகொள்ளும். அதன் ரோமிங் கட்டணம் சாதாரணத் திட்டங்களில் அடங்காது. அப்புறம் மருத்துவக் காப்பீடு. கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை, ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு மலைக்கவைக்கும். அவசர இடமாற்றம் அடங்கிய பயணக் காப்பீடு இல்லாமல், குறிப்பாக வயதான பெற்றோரோடு, ஏறவே ஏறாதீர்கள். ஜூன் முதல் நவம்பர்வரை அட்லாண்டிக் புயல் காலம். அப்போது கரீபியன் கட்டணம் குறையும். புயல் வந்தால் வழியை மாற்றவும் துறைமுகத்தைத் தவிர்க்கவும் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு. ஒரு குறிப்பிட்ட தீவைப் பார்க்கத்தான் போகிறேன் என்பவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

இறங்கும் நாள்

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். வைத்தபின் காலையில்தான் உங்கள் கைக்கு வரும், அதுவும் கீழே துறைமுகக் கூடத்தில். மறுநாள் போட வேண்டிய உடையையும் செருப்பையும் சேர்த்து உள்ளே பூட்டிவிட்டு, இரவு உடையோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களைப் பார்க்காத க்ரூஸ் பயணி இருக்கமாட்டார். பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க முடியுமானால் வெளியே வைக்க வேண்டாம். முதல் ஆளாக இறங்கிவிடலாம்.

கப்பல் காலை ஆறுக்கோ ஏழுக்கோ வந்துவிடும். ஆனால் துறைமுக அனுமதி, குழு குழுவாக இறக்குவது, குடிவரவு, டாக்ஸி வரிசை எல்லாம் முடிய நேரமாகும். திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருக்கட்டும். பில்லைக் கடைசிக்கு முந்தின நாளே ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் குடிக்காத காபியோ எடுக்காத புகைப்படமோ அதில் இருந்தால் அன்று ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். இறங்கும் நாள் காலையில் அதே மேசைக்கு முன்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.